கையால் கட்டிய காரும் கசிந்த பிரேக்கும்

வாகனங்களைப் பற்றி நாம் பேசும்போதெல்லாம் அவற்றின் வேகத்தைப் பற்றியே பேசுகிறோம். புனேயிலிருந்து சோலாப்பூருக்கு எத்தனை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தோம், எந்த மேட்டில் எந்த வண்டி திணறாமல் ஏறிற்று என்பன போன்ற பெருமைகளே அடிபடுகின்றன. ஓடுகிற வண்டியை நிற்கச் செய்யும் உறுப்பைப் பற்றி எவரும் பெருமை பேசி நான் கேட்டதில்லை. அது தன் கடமையை ஒழுங்காகச் செய்து வரும் வரையில் அதன் நினைவே நமக்கு வருவதில்லை. அது தவறும் நாளிலோ, நினைத்துப் பார்க்க நமக்கு அவகாசம் இருப்பதில்லை.

சென்ற மழைக்காலத்தில் எங்கள் வீட்டு முற்றத்தில் இரண்டு பிரேக் காலிப்பர்களைக் கழற்றிப் பழுது பார்த்தோம். அதைப் பற்றி எழுதினால் அன்பர்களுக்குப் பயன்படலாம் என்று தோன்றியது. கார் வைத்திருப்போருக்கு மட்டும் உரிய விஷயம் அன்று இது. இன்று நம் பிள்ளைகள் ஓட்டும் ஸ்கூட்டரிலும் மோட்டார் சைக்கிளிலும் அதே உறுப்பு சிறிய வடிவில் இருக்கின்றது. ஆகவே தாய்மார்களும் சற்றுப் பொறுமையுடன் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

ஹடப்சரை அறியாத அன்பர்களுக்காக ஓரிரு வார்த்தைகள். புனே நகரின் கிழக்கே, சோலாப்பூர் நெடுஞ்சாலையின்மீது அமைந்தது எங்கள் வட்டாரம். தொழிற்பேட்டை அருகிலேயே இருப்பதால் கடைசல் யந்திரத்தின் ஓசை இங்கே எல்லோருக்கும் பழக்கமானது. காடிதள் என்னுமிடத்தில் நெடுஞ்சாலையிலிருந்து சாஸ்வட் சாலை பிரிகிறது. அது புர்சுங்கி, உருளி தேவாச்சி, வட்கி ஆகிய ஊர்களைக் கடந்து திவே காட் என்னும் மலைப்பாதையில் ஏறுகிறது. ஆஷாட மாதத்தில் ஞானேஸ்வரர் பல்லக்கு ஆளந்தியிலிருந்து பண்டரிபுரத்துக்குச் செல்வதும் அந்த வழியேதான். ஏறும்போது எஞ்சினைச் சோதிக்கும் அந்தப் பாதை, இறங்கும்போது பிரேக்கைச் சோதிக்கும்.

நான் இங்குள்ள தொழிற்சாலை ஒன்றில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். என் தங்கை விருதுநகரில் இருக்கிறாள். அவள் கணவர் காலமாகிச் சில ஆண்டுகள் ஆகின்றன. படிப்பு முடிந்ததும் அவள் மகனுக்குப் புனேயில் வேலை கிடைத்தது. அவனை எங்களிடம் கொண்டு வந்து விட்டபோது, “அண்ணா, இனி இவன் உங்கள் பொறுப்பு” என்று மட்டும் சொல்லிவிட்டு ரயில் ஏறினாள். வெளியூரில் வாழும் நம்மவர் வீடுகள் பலவற்றில் இப்படி ஒரு மருமகனோ, தம்பி மகனோ இருப்பது வழக்கந்தான். அந்தச் சொல்லின் பாரமும் உங்களுக்குத் தெரிந்ததே.

இந்தப் பிள்ளைக்குச் சிறு வயது முதலே யந்திரங்களின்மேல் ஆசை. அவனும் அவன் நண்பர்கள் மூவருமாகப் பணம் சேர்த்து, எவரோ பாதி கட்டி விட்டுவிட்ட ஒரு சிறு காரை வாங்கி வந்தார்கள். எஃகுக் குழாய்களைப் பற்றவைத்த சட்டம், இரண்டே இருக்கைகள், கண்ணாடி இழையாலான மேற்கூடு, பழைய சிறு கார் ஒன்றிலிருந்து எடுத்த எஞ்சினும் கியர் பெட்டியும் பிரேக்குகளும் - இவையே அதன் அங்கங்கள். ‘கிட் கார்’ என்று இதற்குப் பெயர். பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொள்ளும் கார் என்பது பொருள்.

இவ்வழக்கம் இங்கிலாந்தில் செழித்தது. 1957-இல் லோட்டஸ் கம்பெனியார் வெளியிட்ட ‘செவன்’ என்னும் கார் இதற்குப் பேர்போனது. முழுக் காருக்கு அந்நாட்டில் அக்காலத்தில் விற்பனை வரி இருந்தது; பாகங்களாக வாங்கினால் அந்த வரி இருக்கவில்லை. ஆகவே கைத்திறன் உள்ள இளைஞர்கள் பாகங்களை வாங்கித் தாமே பூட்டிக்கொண்டார்கள். டிரையம்ப் ஹெரால்டு என்ற காரும் இவர்களுக்கு மிகவும் உதவிற்று. அதன் சட்டம் தனியாகவும் மேற்கூடு தனியாகவும் அமைந்திருந்ததால், கூட்டை நீக்கிவிட்டுத் தாம் விரும்பிய கூட்டை ஏற்றினார்கள். அந்த ஹெரால்டுதான் 1961 முதல் சென்னையில் ‘ஸ்டாண்டர்டு ஹெரால்டு’ என்ற பெயரில் தயாராகி நம் ஊர்ச் சாலைகளில் ஓடியது. வயதானவர்கள் அதை மறந்திருக்க மாட்டார்கள்.

நம் நாட்டில் சட்டம் வேறு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியிருக்கிறது. புதிதாக ஒரு வண்டியை வடிவமைத்தால் அதன் மாதிரியை, அங்கீகாரம் பெற்ற சோதனை நிலையம் ஒன்றில் சோதித்துச் சான்று பெற வேண்டும். 1966-இல் நம் புனேயில் நிறுவப்பெற்ற ஏ.ஆர்.ஏ.ஐ. என்னும் ஆராய்ச்சி நிலையம் அத்தகையவற்றுள் ஒன்று. நான்கு இளைஞர்கள் முற்றத்தில் பூட்டும் வண்டிக்கு அதெல்லாம் எட்டாத காரியம். எனவே அவர்கள் அதைச் சாலையில் ஓட்டுவதில்லை. நண்பன் ஒருவனுடைய குடும்பத்துக்குச் சாஸ்வட்டுக்கு அப்பால் நிலம் இருக்கிறது. அங்கே வண்டியை டெம்போவில் ஏற்றிச் சென்று ஓட்டிப் பார்ப்பது என்று திட்டம் செய்திருந்தார்கள். அந்த நிலத்தை நான் பார்த்திருக்கிறேன். மேற்கிலிருந்து கிழக்காகச் சரிவான நிலம் அது. சரிவின் அடியில் கைப்பிடிச் சுவரில்லாத பெரிய கிணறு ஒன்று இருக்கிறது.

புறப்படவிருந்த ஞாயிற்றுக்கிழமைக்கு நான்கு நாட்களுக்கு முன்பு, வலது முன்சக்கரத்தின் உட்புறத்தில் ஈரம் படர்ந்திருப்பதைக் கண்டேன். மழைக்காலமாதலால் தண்ணீர் என்றே எவரும் எண்ணுவர். விரலால் தொட்டுப் பார்த்தேன், வழுவழுப்பாக இருந்தது. எஞ்சின் எண்ணெயின் கருமை அதில் இல்லை. பிரேக் ஆயில் கிண்ணத்தைத் திறந்து பார்த்தால் மட்டம் கீழ்க்கோட்டுக்கும் தாழ்ந்திருந்தது. இடது சக்கரத்தையும் பார்த்தேன். அங்கே சொட்டு இல்லை. ஆனால் ரப்பர் உறையின் ஓரத்தில் ஈரக்கோடு தெரிந்தது.

“தெரியும் மாமா, வாரத்துக்கு ஒரு முறை ஊற்றிக்கொண்டுதான் இருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் ஓட்டிவிட்டு வந்து பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்றான் மருமகன்.

ஊற்றி ஊற்றி ஓட்டலாம் என்று அவன் எண்ணியது இளமையின் இயல்பு. ஆனால் பிரேக்கின் தத்துவத்தைச் சிந்தித்தால் அந்த எண்ணம் நில்லாது. ஓரிடத்தில் அடைபட்ட திரவத்தின்மேல் அழுத்தம் கொடுத்தால் அது எல்லாத் திசைகளிலும் ஒரே அளவாகப் பரவும் என்று 17-ஆம் நூற்றாண்டில் பாஸ்கல் என்னும் பிரெஞ்சு அறிஞர் விளக்கினார். அந்த விதியை மோட்டார் வண்டியின் பிரேக்குக்குப் பயன்படுத்தி மால்கம் லாக்ஹெட் என்ற அமெரிக்கர் 1917-இல் காப்புரிமை பெற்றார். சுழலும் தட்டை இருபுறமும் அட்டை கொண்டு கவ்வி நிறுத்தும் முறைக்கு அதற்கும் முன்பே, 1902-இல், இங்கிலாந்தின் லான்செஸ்டர் காப்புரிமை பெற்றிருந்தார். எனினும் 1953-இல் லெ மான் பந்தயத்தில் தட்டுப் பிரேக் பூட்டிய ஜாகுவார் கார் வென்ற பின்னரே உலகம் அதன் அருமையை நன்கு உணர்ந்தது. நம்மவர் இதில் பின்தங்கிவிடவில்லை. 1962-இல் டி.வி.எஸ். குழுமத்தார் இங்கிலாந்தின் லூகாஸ் நிறுவனத்துடன் சேர்ந்து சென்னைப் பாடியில் ‘பிரேக்ஸ் இந்தியா’வை நிறுவினார்கள்.

இனி, காலால் மிதிக்கும்போது நடப்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். மிதியை 20 கிலோ பாரத்துடன் அழுத்துகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மிதியின் நெம்புகோல் அதை ஐந்து மடங்காக்கினால், மாஸ்டர் சிலிண்டரின்மேல் 100 கிலோ விழுகிறது. அந்தச் சிலிண்டரின் விட்டம் 19 மில்லிமீட்டர், காலிப்பர் பிஸ்டனின் விட்டம் 48 மில்லிமீட்டர் என்றால், பரப்பளவு ஏறக்குறைய 6.4 மடங்கு அதிகம். ஆகவே பிஸ்டன் 640 கிலோ பாரத்துடன் அட்டையைத் தட்டின்மேல் அழுத்துகிறது. இவ்வளவு பாரத்தையும் வெளியே கசியவிடாமல் தாங்கி நிற்பது ஒரு ரப்பர் வளையம். மெல்ல மிதிக்கும்போது சொட்டுச் சொட்டாகக் கசியும் வளையம், ஆபத்தில் முழுப் பலத்துடன் மிதிக்கும்போது எவ்வளவு விடும் என்று யார் உறுதி சொல்ல முடியும்?

கசிந்த ஆயில் வெறுமனே கீழே சொட்டிப் போவதுமில்லை. அட்டையில் ஊறிவிடுகிறது. ஊறிய அட்டைக்குப் பிடிப்புக் குறைந்துவிடும். ஒரு பக்கம் பிடித்து மறு பக்கம் பிடிக்காவிட்டால் வண்டி பிடித்த பக்கமாக இழுத்துக்கொண்டு திரும்பும். இந்த வண்டியில் முன்சக்கரங்களுக்கு ஒரு குழாய் வழி, பின்சக்கரங்களுக்கு வேறு வழி உண்டு. முன்வழி வற்றினாலும் பின்வழி நிற்கும் என்று மருமகன் வாதித்தான். உண்மைதான். ஆனால் பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்னே சாய்வதால் பெரும்பகுதி வேலையைச் செய்வன முன்சக்கரங்களே. மீந்த பின்பிரேக்கை நம்பிக் கிணற்றை நோக்கிச் சரிவில் இறங்குவதா என்று கேட்டேன். அவன் பதில் சொல்லவில்லை. சற்று நேரங்கழித்து ஜாக்கியை எடுத்து வந்தான். ஞாயிற்றுக்கிழமைப் பயணம் நின்றது. நண்பர்கள் அவனைக் கேலி செய்ததாகப் பின்னர் அறிந்தேன்.

முதலில் வண்டியைத் தூக்கி, சட்டத்தின் அடியில் உறுதியான தாங்கிகளை வைத்தோம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அருகே கைவைத்தல் கூடாது. சக்கரங்களை நீக்கி, காலிப்பரைத் தட்டிலிருந்து கழற்றிய பின், பிஸ்டனை வெளியே எடுக்க வேண்டும். இதற்குச் சிலர் கம்ப்ரஸர் காற்றை முழு அழுத்தத்தில் செலுத்துவார்கள். அது மிகவும் அபாயகரமானது. பிஸ்டன் துப்பாக்கிக் குண்டுபோல் வெளியே பாய்ந்து விரலை நசுக்கிவிடும். நாங்கள் எதிரே ஒரு மரக்கட்டையை வைத்து, குழாய் கழற்றாத நிலையிலேயே பிரேக்கை மெல்ல மெல்ல மிதித்து, ஆயிலின் அழுத்தத்தாலேயே பிஸ்டனைத் தள்ளினோம். கடைசியில் அது வழுக்கிக் கையில் வந்தது. வழிந்த ஆயிலுக்குக் கீழே தட்டு வைத்திருந்தும் சில துளிகள் மாடிப்படிக் கம்பியில் தெறித்தன. மறுநாள் காலை அந்த இடத்தில் பச்சை வர்ணம் தோலாக உரிந்து வந்தது. என் மனைவி அதைச் சுட்டிக்காட்டிக் கூறிய வார்த்தைகளை இங்கே எழுதாமல் விடுகிறேன். பிரேக் ஆயில் வர்ணத்தின்மேல் பட்டால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும் என்பதை மட்டும் அன்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

பழுது பார்ப்பதா, புதிது வாங்குவதா என்னும் கேள்விக்கு விடை இந்த இடத்தில்தான் இருக்கிறது. ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

பழைய உருளைப் பிரேக்குகளில், சக்கரச் சிலிண்டருக்குள் ரப்பர்க் கிண்ணம் பிஸ்டனுடன் சேர்ந்து நகர்ந்து, சிலிண்டரின் உட்சுவரில் உராயும். ஆதலால் உட்சுவரில் கீறல் விழுந்தால் கசியும். காலிப்பரின் அமைப்பு அப்படியன்று. சதுர வெட்டுடைய ரப்பர் வளையம் சிலிண்டரின் உட்சுவரில் வெட்டிய பள்ளத்தில் அசையாமல் அமர்ந்திருக்கிறது. பிஸ்டன் அதனூடே நகர்கிறது. பிரேக்கை விட்டதும் பிஸ்டனை இம்மியளவு பின்னுக்கு இழுத்துக்கொள்வதும் அந்த வளையத்தின் நெகிழ்ச்சியே. ஆகவே காலிப்பரில் வழவழப்பாக இருக்க வேண்டியது பிஸ்டனின் மேற்புறம். உட்சுவரில் இலேசான கறை இருந்தாலும் பாதகமில்லை. வளையம் அமரும் பள்ளம் மட்டும் அரிப்பில்லாமல் இருக்க வேண்டும். இந்த வேறுபாட்டை அறியாமல் நல்ல காலிப்பரைக் கழித்துவிடுவோரும் உண்டு. குழிவிழுந்த பிஸ்டனுக்குப் புது ரப்பர் போட்டு மறுவாரமே மீண்டும் கழற்றுவோரும் உண்டு.

இடது பக்கத்துப் பிஸ்டனைத் துடைத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தோம். குரோமியப் பூச்சு பளபளவென்று இருந்தது. நகத்தால் சுற்றிலும் தடவினேன், எங்கும் தட்டவில்லை. ரப்பர் வளையம் மட்டும் முதுமையால் இறுகி, வளைத்தால் வெடிக்கும் நிலையில் இருந்தது. பள்ளம் சுத்தமாக இருந்தது. இதற்குப் புது வளையமும் புது ரப்பர் உறையும் போதும்.

வலது பக்கத்தில் கதை வேறு. வெளி உறை எப்போதோ கிழிந்து, அந்த வழியே தண்ணீரும் மண்ணும் புகுந்திருந்தன. பிஸ்டனின்மேல் ஊசிமுனையால் குத்தியவைபோல் குழிகள். நகம் ஒவ்வொன்றிலும் தட்டியது. அதையாவது புதுப் பிஸ்டன் போட்டுச் சரிசெய்யலாம். ஆனால் வளையம் அமரும் பள்ளத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்தபோது, துரு இரும்பையே தின்றிருப்பது தெரிந்தது. பள்ளத்தின் விளிம்பு பல்போல் அரித்திருந்தது. வண்டி பாதி கட்டிய நிலையில் நெடுங்காலம் ஓடாமல் கிடந்ததன் பலன் இது. ஓடாத வண்டிக்குத் தேய்மானம் இல்லை என்று நாம் நினைக்கிறோம். பிரேக்கின் விஷயத்தில் ஓடாமல் கிடப்பதே பெருங்கேடு.

“உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டால் என்ன மாமா?” என்று கேட்டான். தேய்த்தால் குழி மறையாது. குரோமியப் பூச்சுத்தான் போகும். பூச்சுப் போன எஃகு மறுபடி துருப்பிடிக்கும். பள்ளத்தைத் தேய்த்தாலோ அதன் அளவு மாறி, வளையம் இறுகப் பிடிக்காது. வலது காலிப்பரைக் கழிப்பதைத் தவிர வழியில்லை என்று இருவரும் முடிவு செய்தோம்.

மறுநாள் நானா பேட்டுக்குச் சென்றோம். மோட்டார் உதிரிப் பாகங்களுக்குப் புனேயில் அதுவே பெரிய கடைத்தெரு என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு கடைக்காரர், சிவப்பு வர்ணம் பூசிய பெரிய காலிப்பர் ஜோடி ஒன்றைக் காட்டி, “இதைப் போடுங்கள், பிரேக் கல்போல் பிடிக்கும்” என்றார். பிள்ளையின் கண்கள் அதிலேயே பதிந்துவிட்டன. அதன் பிஸ்டன் 54 மில்லிமீட்டர். நான் ஒரு துண்டுக் காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். 48-க்குப் பதில் 54 என்றால் விட்டத்தில் 6 மில்லிமீட்டர்தான் கூடுகிறது; பரப்பளவிலோ 27 சதவீதம் கூடுகிறது. அழுத்தும் பலம் அவ்வளவு கூடும் என்பது மெய். ஆனால் அந்தப் பெரிய பிஸ்டனை நகர்த்த அதே அளவு அதிகமாக ஆயில் வேண்டும். சிறிய மாஸ்டர் சிலிண்டர் அதைக் கொடுக்க வேண்டுமானால் மிதி இன்னும் ஆழமாக இறங்க வேண்டும். மேலும், முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே இருந்த சமநிலை கெட்டு, முன்சக்கரங்கள் முந்தி இறுகிச் சறுக்கத் தொடங்கும். பல கார்களின் பாகங்களைச் சேர்த்துக் கட்டும் வண்டியில் ஒன்றை மாற்றினால் மற்றவை அனைத்தையும் மறுபடி கணக்கிட வேண்டும். பிள்ளை கணக்கை இரு முறை சரிபார்த்தான். பிறகு, பழைய அளவிலேயே ஒரு புதுக் காலிப்பரும், இடப்பக்கத்துக்கு வளையமும் உறையும், இரு பக்கத்துக்கும் புது அட்டைகளும், குழாய் பூட்டுமிடத்துக்குச் செம்பு வாஷர்களும் வாங்கினோம். ஆயில் ஊறிய பழைய அட்டைகளைக் காயவைத்துப் போடலாம் என்று சிலர் சொல்வார்கள். அதை ஏற்க வேண்டாம்.

ஆயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆயில் என்று பெயரே தவிர அது எண்ணெய் அன்று; கிளைக்கால் வகையைச் சேர்ந்த திரவம். அதனுடன் எஞ்சின் எண்ணெயோ, மண்ணெண்ணெயோ சிறிது கலந்தாலும் ரப்பர் உப்பிக் கெட்டுவிடும். ஆகவே காலிப்பரின் உட்புறத்தை மண்ணெண்ணெயால் கழுவக் கூடாது. புதுப் பிரேக் ஆயிலாலேயே கழுவலாம்; அல்லது இதற்கென விற்கும் பிரேக் கிளீனரைப் பயன்படுத்தலாம். இந்தத் திரவத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. காற்றிலுள்ள ஈரத்தை அது உறிஞ்சிக்கொள்ளும். ‘டாட் 4’ என்று குறித்த ஆயில் புதிதாக இருக்கையில் 230 டிகிரி வெப்பத்துக்குக் குறையாமல் கொதிக்க வேண்டும் என்பது விதி. சுமார் 3.7 சதவீதம் நீர் கலந்தபின் அந்த வரம்பு 155 டிகிரியாகத் தாழ்ந்துவிடுகிறது. உள்ளே புகுந்த அதே நீர் பிஸ்டனையும் துருப்பிடிக்கச் செய்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை ஆயிலை முழுவதும் மாற்றச் சொல்வது இதனால்தான். ‘டாட் 5’ என்பது சிலிக்கோன் வகை; அதை மற்றவற்றுடன் கலத்தல் ஆகாது. திறந்து வைத்த பழைய டப்பாவை மீண்டும் பயன்படுத்தாமல் புது டப்பாவையே திறந்தோம்.

வளையத்தைப் புது ஆயிலில் நனைத்துப் பள்ளத்தில் முறுக்கின்றி அமர்த்தி, பிஸ்டனைக் கோணாமல் கட்டைவிரல்களாலேயே உள்ளே தள்ளினான் மருமகன். சுத்தியலுக்கு அங்கே வேலையில்லை. பூட்டும்போது ஒன்றைக் கவனித்தோம். காற்று வெளியேறும் நிப்பிள் காலிப்பரின் மேற்பக்கத்தில் இருக்க வேண்டும். இடதை வலதாகவும் வலதை இடதாகவும் மாற்றிப் பூட்டினாலும் சில காலிப்பர்கள் பொருந்திவிடும். அப்போது நிப்பிள் கீழே போய்விடும். காற்று மேலே தங்கி, எத்தனை முறை ஏர் எடுத்தாலும் மிதி பஞ்சுபோல் அமுங்கும். கையால் கட்டும் வண்டிகளில் இத்தகைய குழப்பம் எளிதில் நேரும்.

ஏர் எடுப்பது இருவர் வேலை. நிப்பிளில் ஒரு தெளிவான குழாயைச் செருகி, அதன் மறுமுனையை ஆயில் உள்ள கண்ணாடி ஜாடியில் அமிழ்த்தினோம். மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவில் உள்ள இடது பின்சக்கரத்தில் தொடங்கி, வலது பின்சக்கரம், இடது முன்சக்கரம், வலது முன்சக்கரம் என்று வந்தோம். நான் சக்கரத்தருகே அமர்ந்தேன். அவன் மிதியில் கால் வைத்தான்.

“மிதி.”

“மிதித்திருக்கிறேன் மாமா.”

“அப்படியே பிடித்துக்கொள்.” நிப்பிளைத் தளர்த்தினேன், ஜாடியில் குமிழிகள் வந்தன. இறுக்கினேன். “இப்போது விடு.”

கிண்ணம் வற்றிவிடாமல் என் மனைவி அவ்வப்போது ஆயில் ஊற்றினாள். வற்றினால் மறுபடி காற்றுப் புகுந்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். இறுதியில் குமிழியின்றித் தெளிந்த ஆயில் வந்தது. மிதி பாதியிலேயே உறுதியாக நின்றது.

ஆயினும் உடனே ஓட்ட நான் சம்மதிக்கவில்லை. மிதியைப் பலமாக ஒரு நிமிஷம் அழுத்திப் பிடிக்கச் சொன்னேன். அது மெல்ல இறங்கவில்லை. பின்பு ஒவ்வொரு சக்கரத்தின் அடியிலும் ஒரு செய்தித்தாளை விரித்துவிட்டுப் படுக்கச் சென்றோம். காலையில் நான்கு தாள்களும் உலர்ந்திருந்தன. மறு இரவும் அவ்வாறே செய்தோம். நண்பனின் நிலத்துக்கு வண்டி போனபோது முதல் ஓட்டம் மேட்டில், சமதரையில், நடை வேகத்தில். சரிவில் இறங்கும்முன் கிணற்றுக்கு இப்பால் மண் மூட்டைகளை அடுக்கிவிட்டோம். வண்டி சரிவின் நடுவே நிறுத்திய இடத்தில் நேராக நின்றது. எந்தப் பக்கமும் இழுக்கவில்லை. அன்று மாலை அவன் தன் தாயுடன் தொலைபேசியில் பேசினான். பிரேக் கசிந்ததையும், அதைத் தானே கழற்றிப் பூட்டியதையும் ஒளிக்காமல் சொன்னான். தங்கை பிறகு என்னிடம் பேசும்போது, கிணறு எவ்வளவு ஆழம் என்று மட்டும் கேட்டாள்.

திரும்பும்போது திவே காட்டில் இறங்கிக்கொண்டிருந்த லாரிகளைப் பார்த்தவாறே அவனுக்கு இன்னொரு கணக்கும் சொன்னேன். 700 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒரு முறை நிற்பதால் பிரேக்கில் ஏறும் வெப்பத்தை ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், அதே கார் 100 மீட்டர் உயரத்திலிருந்து பிரேக்கை மட்டும் பிடித்தவாறே இறங்கினால் ஏழு பங்கு வெப்பம் ஏறும். பழைய ஆயில் அப்போது கொதித்து ஆவியாகும். ஆவி அமுங்கும், பிரேக் பிடிக்காது. அதனால்தான் மலையிறங்கும் லாரிக்காரர்கள் கியரைக் குறைத்து எஞ்சினையே தடையாக்கி இறங்குகிறார்கள். விடுமுறையில் மகாபலேஷ்வருக்கோ நீலகிரிக்கோ காரில் செல்லும் அன்பர்களும் இதைப் பின்பற்றுவது நலம்.

இனி, வீட்டுக்கு வீடு செய்யத்தக்க சில காரியங்களைக் கூறி முடிக்கிறேன். மாதம் ஒரு முறை பிரேக் ஆயில் கிண்ணத்தின் மட்டத்தைப் பாருங்கள். அட்டை தேயத் தேய மட்டம் சிறிது தாழ்வது இயல்பே. ஆனால் ஒரு மாதத்தில் கண்ணுக்குத் தெரியத் தாழ்ந்தால் கசிவைத் தேட வேண்டும். ஊற்றி நிரப்புவது மருந்தாகாது. சக்கரத்தின் உட்புறத்தில் ஈரம் உண்டா, மிதி முன்னைவிட ஆழமாக இறங்குகிறதா, வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறதா என்று கவனியுங்கள். மெக்கானிக்கிடம் விட்டால், கழற்றிய பிஸ்டனைக் காட்டும்படி கேளுங்கள். நகத்தால் தடவிப் பார்க்க எவருக்கும் படிப்பு வேண்டியதில்லை. யந்திர வேலையில் பழக்கமில்லாதவர்கள் பிரேக்கைத் தாமே பிரிக்க முற்பட வேண்டாம். பழகியவரை அருகில் வைத்துக்கொண்டு கற்றுக்கொள்ளலாம்.

நம் பிள்ளைகள் பலர் பெற்றோரை ஊரில் விட்டுவிட்டு இங்கே நம்மிடம் இருக்கிறார்கள். அவர்கள் வண்டிச் சாவியை எடுக்கும்போது மெதுவாகப் போ என்று சொல்லி அனுப்புகிறோம். அதோடு, இந்த ஞாயிற்றுக்கிழமை அவர்களையும் கூட்டிக்கொண்டு சக்கரத்தருகே ஒரு கால்மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். ஒரு பழைய செய்தித்தாளும் ஒரு கைவிளக்கும் இருந்தால் போதும்.